மலைத் தோட்டங்களில் பெகோனியாக் கிழங்குகளைக் குளிர்காலத்தில் காத்து வைத்தல்

நீலகிரி, கொடைக்கானல் முதலிய உயர்ந்த மலைப் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் பெரிதும் விரும்பி வளர்க்கும் பூச்செடிகளுள் பெகோனியாவும் ஒன்று. அவற்றுள் கிழங்குப் பெகோனியா என்னும் வகை, ரோஜாவை ஒத்த அடுக்கு மலர்களைச் சிவப்பு, மஞ்சள், வெண்மை, செம்மஞ்சள் முதலிய நிறங்களில் தருவது. கோடை தொடங்கி மழைக்காலம் முடியும் வரை அது பூத்து நிற்கும். அதன் பிறகு இலைகள் பழுத்துத் தண்டுகள் விழுந்து, செடி மறைந்து போகும். தோட்டக்காரர் பலர் இதனைச் செடியின் மரணம் என்று எண்ணித் தொட்டியை ஒதுக்குப்புறத்தில் தள்ளிவிடுகின்றனர். மறுவருஷம் புதிய கிழங்குக்குப் பணம் செலவிடுகின்றனர். உண்மையில் செடி இறக்கவில்லை. மண்ணுக்குள் கிழங்கு உறங்குகிறது. அவ்வுறக்கத்தில் அதனைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கு ஒரே கிழங்கு பத்து வருஷத்திற்கு மேலும் பயன் தரும். ஆண்டுதோறும் பருத்து, முன்னிலும் மிகுதியான பூக்களையும் கொடுக்கும்.

சேனைக் கிழங்கையும் விதை மஞ்சளையும் அடுத்த பட்டத்திற்கு எடுத்து வைக்கும் குடியானவருக்கு இவ்விஷயம் புதிதன்று. ஆனால் பெகோனியாக் கிழங்கு சிறியது, சதைப்பற்று மிகுந்தது. அதனால் ஈரத்தில் எளிதில் அழுகும். அதிக உலர்ச்சியில் எளிதில் சுருங்கும். இவ்விரண்டு கேடுகளுக்கும் இடையே கிழங்கை நடத்திச் செல்வதே இக்கட்டுரையிற் கூறப்படும் முறையின் சாரமாகும்.

செடியின் வரலாறும் இயல்பும்

பெகோனியாக் குடும்பத்தில் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுத் தாவர நூலறிஞர் சார்ல்ஸ் ப்ளூமியே என்பவர், மிஷெல் பெகோன் என்னும் பிரெஞ்சு அதிகாரியின் நினைவாக இச்செடிக்கு இப்பெயரிட்டார். கிழங்குப் பெகோனியாக்களின் தாயகம் தென்னமெரிக்காவில் பொலிவியா, பெரு ஆகிய நாடுகளின் ஆண்டீஸ் மலைத்தொடர். 1860-க்குப் பின், ரிச்சர்டு பியர்ஸ் என்பவர் அம்மலைகளினின்றும் சில இனங்களைத் திரட்டி இங்கிலாந்தில் இருந்த வீச்சு நாற்றுப் பண்ணைக்கு அனுப்பினார். அப்பண்ணையைச் சேர்ந்த ஜான் சீடன் என்பவர் அவற்றைக் கலந்து உண்டாக்கிய முதற் கலப்பினம் 1870-இல் வெளிவந்தது. இன்று தோட்டங்களிற் காணப்படும் அடுக்குப் பூ வகைகள் யாவும் இத்தகைய கலப்பினால் வந்தவையே.

இதனால் அறிய வேண்டுவது யாதெனில், இது வெப்ப மண்டலத்து உயர்மலைச் செடி என்பதே. கொடிய வெயிலும் இதற்கு ஆகாது; உறைபனியும் ஆகாது. ஆகவே சமவெளியில் உள்ளோர் கிழங்குப் பெகோனியாவுக்காகப் பணம் செலவிடுவது வீண். அங்குள்ள கோடை வெப்பத்தில் கிழங்கு நிலைப்பதில்லை. உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய இடங்களின் சீதோஷ்ணமே இதற்கு ஏற்றது.

இச்செடி உறங்கும் காலத்தை அறிவிப்பது குளிர் மட்டுமன்று. பகற்பொழுதின் குறைவும் ஆகும். உதகமண்டலத்தில் ஆனி மாதத்தில் பகல் ஏறக்குறைய 12¾ மணி நேரம் நீடிக்கும். மார்கழியில் அது ஏறக்குறைய 11½ மணியாகக் குறையும். பகல் குறையக் குறையச் செடியானது புதுத் தளிர் விடுவதை நிறுத்தி, இலைகளில் உண்டான உணவைக் கிழங்கிற் சேர்க்கத் தொடங்கும். ஆகையால் இலைகள் மஞ்சளாகும் அவ்வாரங்கள் கிழங்குக்கு மிக முக்கியமானவை. அழகு கெட்டுவிட்டது என்று பச்சைத் தண்டை அறுத்தெறிபவர், கிழங்குக்குச் சேர வேண்டிய உணவையே அறுத்தெறிகிறார்.

மற்றொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. உருளைக்கிழங்கு ஒரு செடிக்குப் பல கிழங்குகள் தரும். டாலியாவின் வேர்க்கிழங்குகளும் பெருகிப் பிரியும். பெகோனியாவோ அவ்வாறு பெருகுவதில்லை. ஒரு செடிக்கு ஒரு கிழங்குதான். விதையைக் கொண்டு அதே வகையைத் திரும்பப் பெறலாம் என்றால், கலப்பின அடுக்குப் பூவின் விதை தாய்ச்செடியைப் போன்ற செடியைத் தருவதில்லை. விதையும் தூசி போல் நுண்ணியது. ஆதலால் நல்ல வகைக் கிழங்கொன்று அழுகிப் போனால், அவ்வகையே அந்தத் தோட்டத்தைவிட்டு மறைந்துவிடும்.

பனி கொல்லுமுன் ஈரம் கொல்லும்

ஐரோப்பிய நூல்களிற் கூறியுள்ள முறை, முதல் உறைபனியில் இலைகள் கருகியபின் கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பது. அதனை அப்படியே நம் மலைகளிற் பின்பற்றினால் கேடு விளையும். காரணம் பின்வருமாறு.

நீலகிரியில் கடும் உறைபனி பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் விழும். சில வருஷங்களில் கார்த்திகையிலேயே தொடங்கிவிடும். ஆனால் செடி உறங்கத் தொடங்குவது புரட்டாசி, ஐப்பசியில். அக்காலத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. மலையின் கிழக்குச் சரிவில் உள்ள குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் இம்மழை மிகுதி. வேர் நீரை உறிஞ்சுவதை நிறுத்திவிட்ட பின்னும் மண் நாள்தோறும் நனைந்துகொண்டே இருக்கும். கிழங்கின் மேற்புறம் கிண்ணம்போல் குழிந்திருப்பதால், தண்டு விழுந்த இடத்தில் நீர் தேங்கும். அக்குழியிலேதான் அடுத்த ஆண்டு முளைக்க வேண்டிய மொட்டுகள் இருக்கின்றன. அங்கு அழுகல் தொடங்கினால் கிழங்கின் உயிர்நிலையே போய்விடும். உறைபனி வரும்வரை காத்திருந்து தோண்டுபவர், பெரும்பாலும் கூழாகிப்போன கிழங்கையே காண்பார். அவர் பனியின்மீது பழி சுமத்துவார், பழியோ மழையினுடையது.

ஆகையால் மலைநாட்டுத் தோட்டக்காரர் பஞ்சாங்கத்தில் உறைபனி மாதத்தைப் பார்ப்பதற்கு முன் ஐப்பசி மழையைப் பார்க்க வேண்டும்.

புரட்டாசியில் செய்ய வேண்டியவை

புரட்டாசி பிறந்தவுடன் பிண்ணாக்கு நீர், சாணக் கரைசல் முதலிய உரங்களை அடியோடு நிறுத்த வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரம் இக்காலத்தில் இளந்தளிரையும் நீர்ப்பற்று மிகுந்த கிழங்கையும் உண்டாக்கும். அத்தகைய கிழங்கு சேமிப்பில் நில்லாது.

ஒவ்வொரு செடியும் பூத்திருக்கும்போதே அதன் நிறம், அடுக்கு, உயரம் ஆகியவற்றைச் சிறு மரத்துண்டில் பென்சிலால் எழுதித் தொட்டியிற் செருகி வைக்க வேண்டும். மை மழையில் கரைந்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும். கிழங்காக இருக்கும்போது சிவப்பு வகையும் வெள்ளை வகையும் ஒன்றுபோலவே தோன்றும்.

புரட்டாசி பிற்பாதியில் தொட்டிகளைத் தாழ்வாரத்தின்கீழ் மழை படாத இடத்திற்கு மாற்ற வேண்டும். வெளிச்சமும் காற்றோட்டமும் அவசியம். தரையில் நட்ட செடிகளை மழை ஓய்ந்த நாள் ஒன்றில் வேரும் மண்ணுமாகப் பெயர்த்து, அகன்ற பெட்டிகளில் நெருக்கமாக வைத்து அதே தாழ்வாரத்திற்குக் கொண்டுவரலாம். பெயர்க்கும்போது களைக்கொத்தைத் தண்டிலிருந்து அரையடி தள்ளிப் பாய்ச்ச வேண்டும். கிழங்கில் விழுந்த ஒவ்வொரு காயமும் அழுகல் நுழையும் வாசலாகும்.

ஐப்பசியில் நீரைக் குறைத்தல்

நீரைத் திடீரென நிறுத்துதல் கூடாது. முதல் வாரத்தில் வழக்கத்திற் பாதியும், இரண்டாம் வாரத்தில் அதிற் பாதியும், மூன்றாம் வாரத்தில் மண் முற்றும் காய்ந்தபின் ஒரு முறையும் ஊற்றி, நான்காம் வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாய் விழும். அவற்றை அன்றாடம் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும்; தொட்டியின்மீது கிடந்து மக்கினால் சாம்பற் பூஞ்சணம் பற்றும்.

பிறகு தண்டு, கணுக்களில் தானே கழன்று விழும். இறுதியில் கிழங்கோடு ஒட்டிய அடித்துண்டும் தொட்டால் விழும் நிலைக்கு வரும். அந்நிலை வருமுன் அதனை இழுத்துப் பிடுங்குவது பெருந்தவறு. பிடுங்கினால் கிழங்கின் மேற்றோல் கிழிந்து பச்சைக் காயம் உண்டாகும். பாதித் தண்டை விட்டு மேற்பகுதியை அறுப்பதும் நன்றன்று. மிஞ்சிய துண்டு அழுகி, அவ்வழுகல் கிழங்கினுள் இறங்கும். சில நாள் பொறுத்திருப்பதே இங்கு சிறந்த கைப்பக்குவம்.

கிழங்கை எடுத்துச் சுத்தம் செய்தல்

கார்த்திகை முதல் வாரத்தில் பெரும்பாலான செடிகள் தண்டு நீங்கி நிற்கும். அப்பொழுது தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்துக் கிழங்கை எடுக்க வேண்டும். அதனை உடனே கழுவலாகாது. முறத்திலோ மூங்கில் தட்டிலோ பரப்பி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை உலர்த்த வேண்டும். உலர்ந்தபின் மண்ணும் வேரும் தாமே உதிரும். எஞ்சியவற்றை மெல்லிய தூரிகையால் துடைத்துவிடலாம். குழிந்த பக்கத்தில் தண்டின் துணுக்கு ஒட்டியிருந்தால் விரல் நகத்தால் மெதுவாக எடுத்துவிட வேண்டும்.

பின்பு ஒவ்வொரு கிழங்கையும் கையில் எடுத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். நல்ல கிழங்கு உருளைக்கிழங்கைப் போல் கெட்டியாக இருக்கும். மெத்தென்ற இடம் இருந்தால், கூர்மையான சுத்தமான கத்தியால் அவ்விடத்தை வெண்மையான நல்ல சதை தெரியும் வரை சீவி எறிந்து, வெட்டுவாயில் கந்தகத்தூளையோ நன்கு பொடித்த மரக்கரித்தூளையோ தடவி, மேலும் இரண்டு மூன்று நாள் உலரவிட வேண்டும். ஒரு கிழங்கைச் சீவியபின் கத்தியைத் தீயிற் காட்டித் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுதல் நலம். வேர்களில் மணிமணியாக முடிச்சுகள் காணப்படின் அது வேர்முடிச்சு நூற்புழுவின் அடையாளம். அத்தகைய கிழங்கையும் தொட்டி மண்ணையும் எருக்குழியில் இடாது அப்புறப்படுத்த வேண்டும். கிழங்கை எரித்துவிடுதல் உத்தமம்.

சேமித்து வைக்கும் முறை

சேமிப்புக்கு வேண்டியவை நான்கு: இருள், குளிர்ச்சி, உலர்ச்சி, சிறிது காற்று. உஷ்ணம் பாரன்ஹீட் 40 டிகிரிக்குக் குறையாமலும் 55 டிகிரிக்கு மிகாமலும் இருத்தல் நன்று. 32 டிகிரியில் நீர் உறையும். கிழங்கினுள் நீர் உறைந்தால் அதன் சதை சிதைந்து, உருகியபின் கூழாகிவிடும். மலை வீடுகளில் வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை இதற்குப் போதுமானது. சமையலறைப் பரண் தகாது. அடுப்பின் சூடு கிழங்கைச் சுருங்கச் செய்யும், அல்லது காலத்திற்கு முன்பே முளைக்கச் செய்யும். தகரக் கூரையிட்ட வெளிக் கொட்டகையும் தகாது. இரவில் அதனுள் குளிர் வெளியிற் போலவே இறங்கும்.

மரப்பெட்டியோ வாயகன்ற மண்தொட்டியோ எடுத்து, அடியில் இரண்டு அங்குலம் நன்கு காய்ந்த ஆற்று மணலைப் பரப்ப வேண்டும். மணலுக்குப் பதிலாக உலர்ந்த மரத்தூளையோ தென்னை நார்த்தூளையோ உபயோகிக்கலாம். அதன்மேல் கிழங்குகளை ஒன்றையொன்று தொடாதபடி அடுக்கி, மேலே மீண்டும் இரண்டு அங்குலம் மணலிட வேண்டும். ஒன்று அழுகினாலும் அடுத்ததைப் பற்றாதிருக்கவே இந்த இடைவெளி. இவ்வாறு இரண்டு அடுக்குகளுக்கு மேல் வைக்கலாகாது. ஒவ்வொரு கிழங்கோடும் அதன் பெயர்த்துண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

மூடியிட்ட தகர டப்பாவிலோ பிளாஸ்டிக் பையிலோ அடைத்து வைத்தல் கூடாது. கிழங்கு உறங்கும்போதும் சுவாசிக்கிறது. வெளிப்படும் ஈரம் உள்ளேயே வேர்த்து, பூஞ்சணம் பிடிக்கும். எலித்தொல்லை உள்ள வீடுகளில் பெட்டியின் வாயை நெருக்கமான கம்பி வலையால் மூடவேண்டும். ஓர் எலி ஓர் இரவில் ஒரு பெட்டியை முடித்துவிடும்.

ஓர் அங்குலத்திற்கும் குறைவான சிறு கிழங்குகளையும், அவ்வாண்டு விதையிலிருந்து வந்தவற்றையும் வெளியில் எடுப்பது உசிதமன்று. அவை விரைவிற் சுருங்கிவிடும். அவற்றைத் தொட்டி மண்ணிலேயே விட்டு, மண் நன்கு காய்ந்தபின் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளறையில் வைப்பதே போதும்.

மாதம் ஒரு முறை பார்வை

பெட்டியை மூடி வைத்துவிட்டு மாசியில் திறப்போம் என்று இருப்பது சரியன்று. மாதம் ஒரு முறை, ஞாபகத்திற்காக ஒவ்வொரு அமாவாசையன்றும், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கிழங்கையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்று நிலைகள் தென்படக்கூடும்.

கிழங்கு கெட்டியாக இருந்தால் நன்று, அப்படியே மூடிவிடலாம். தோல் சுருங்கி எடை குறைந்திருந்தால், சுற்றியுள்ள மணலில் கையால் சிறிதளவு நீர் தெளிக்க வேண்டும், கிழங்கின்மீது தெளிக்கலாகாது. மெத்தென்று இருந்தாலும், தீய நாற்றம் வீசினாலும், வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தாலும் உடனே அதனை வெளியில் எடுத்து முற்கூறியவாறு சீவி உலர்த்த வேண்டும். அதனைச் சுற்றிய மணலையும் மாற்ற வேண்டும். மூன்று நிமிஷ வேலையால் பெட்டி முழுவதும் தப்பும்.

வேர்ப் பெகோனியாவும் இலைப் பெகோனியாவும்

கிழங்கில்லாத பெகோனியாக்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றை உலரவிட்டால் இறந்துபோகும். பாத்தி ஓரங்களில் நடும் சிறு பூ மெழுகிலைப் பெகோனியா மெல்லிய வேர்களை உடையது. ஆண்டு முழுவதும் உயிரோடிருப்பது. ஐப்பசியில் அதன் பூவில்லாத இளந்தண்டுகளை மூன்று அங்குல நீளத்தில் வெட்டி மணலில் நட்டால், மூன்று நான்கு வாரங்களில் வேர்விடும். பழைய செடி பனியில் மடிந்தாலும் இப்புதுச் செடிகள் தாழ்வாரத்தில் நிற்கும்.

வண்ண இலைகளுக்காகவே வளர்க்கப்படும் ரெக்ஸ் பெகோனியா நம் நாட்டுக்கும் உரியது. அது 1850-களில் அஸ்ஸாமிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கு பல கலப்பினங்களுக்குத் தாயாயிற்று. அதன் தண்டு தரையோடு படர்ந்த கிழங்குத்தண்டு. குளிர்காலத்தில் அதனை வீட்டினுள் வெளிச்சமுள்ள சாளரத்தருகே வைத்து, மேல்மண் காய்ந்தபின் மட்டும் நீர் விட வேண்டும். இலைமேல் நீர் தெளித்தால் கரும்புள்ளிகள் விழும். சில இலைகள் உதிர்ந்தாலும் கவலைப்பட வேண்டுவதில்லை. முன்னெச்சரிக்கையாக, முதிர்ந்த இலை ஒன்றின் நரம்புகளைக் கீறி ஈரமணலின்மீது படிய வைத்தால், கீறிய இடங்களிற் சிறு செடிகள் பிறக்கும்.

உறைபனி இரவுகளில்

வெளியில் நிற்கும் செடிகளுக்கு உறைபனி வரும் இரவை முன்கூட்டியே அறியலாம். மேகமற்ற வானம், காற்றில்லாத மாலை, விரைந்து இறங்கும் குளிர் ஆகிய மூன்றும் கூடினால் அன்றிரவு உறைபனி விழும் என்று கொள்ளலாம். குளிர்ந்த காற்று கனமானது. நீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகள் வெண்மையாகும் காலையிலும் மேட்டுச்சரிவில் உள்ள தோட்டம் தப்பியிருப்பது இதனாலேயே. ஆகவே பள்ளத்தில் உள்ள வீட்டார் இருமடங்கு எச்சரிக்கையாய் இருக்க வேண்டும். தொட்டிகளை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் கொல்லையின் மேட்டுப் பக்கத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அத்தகைய மாலையில் சூரியன் மறையுமுன் நான்கு கழிகளை நட்டு, அவற்றின்மேல் கோணியையோ வைக்கோற் பாயையோ பரப்ப வேண்டும். அது இலையைத் தொடலாகாது. தொட்ட இலை கருகும். பகலில் மண் சேர்த்த சூடு இரவில் வெளியேறாமல் தடுப்பதே கோணியின் வேலை. ஆகையால் இருட்டியபின் மூடுவதால் முழுப் பயன் இல்லை. காலையில் வெயில் ஏறியவுடன் எடுத்துவிட வேண்டும். பனியாற் கருகிய தண்டுகளை உடனே வெட்டாமல், மாசி வரை விட்டு வைத்தால் அவை அடிச்செடிக்குப் போர்வையாக இருக்கும்.

மாசியில் எழுப்புதல்

மாசி பிறக்கும்போது பெரும்பாலான கிழங்குகளின் குழியில் இளஞ்சிவப்பு மொட்டுகள் தோன்றும். அதுவே எழுப்ப வேண்டிய காலம். மக்கிய இலையுரமும் மணலும் சம அளவிற் கலந்து ஆழமில்லாத பெட்டியில் இட்டு, கிழங்குகளைக் குழிந்த பக்கம் மேலாக இருக்கும்படி பதிக்க வேண்டும். தலைகீழாய்ப் பதித்துவிட்டு முளைக்கவில்லை என்று வருந்துவோர் உண்டு. குழியை மண்ணால் நிரப்பலாகாது. அதில் நீர் ஊற்றவும் கூடாது. சுற்றிலும் உள்ள கலவை மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். உஷ்ணம் 60 முதல் 65 டிகிரி வரை இருந்தால் விரைவில் வேர் பிடிக்கும். இரவுப் பனி முற்றும் நீங்கும்வரை வீட்டினுள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

முளை இரண்டு அங்குலம் உயர்ந்தபின், ஒன்று அல்லது இரண்டு வலிய முளைகளை விட்டு மற்றவற்றை அடியோடு சிறு கிழங்குச் சதையுடன் அறுத்து மணலில் நடலாம். அவை வேர்விட்டு, தாய்ச்செடியை முற்றும் ஒத்த புதுச்செடிகளாகி, ஆண்டு முடிவில் தமக்கெனக் கிழங்கும் கட்டும். ஒரு நல்ல வகையை இரண்டாக, நான்காகப் பெருக்கி, ஒன்று அழிந்தாலும் மற்றொன்று நிற்கும்படி செய்ய இதுவே எளிய வழி. கிழங்கையே மொட்டுக்கு ஒன்றாக வெட்டி நடுவதும் உண்டு. ஆனால் அதில் அழுகும் அபாயம் அதிகம்.

நட்டது முதல் பூப்பதற்கு மூன்று முதல் நான்கு மாதம் ஆகும். மாசியில் எழுப்பிய கிழங்கு வைகாசி, ஆனியில் பூக்கும். உதகமண்டலத்தில் மே மாதம் நடைபெறும் மலர்க்காட்சியில் வைக்க விரும்புவோர், தையிலேயே வீட்டினுள் சூடான இடத்தில் எழுப்பத் தொடங்க வேண்டும்.

கிழங்கைக் கொடுப்பதும் வாங்குவதும்: ஓர் எச்சரிக்கை

அண்டை அயலாருக்குக் கிழங்கு கொடுப்பதும், உறவினர் ஊருக்குச் செல்லும்போது தொட்டியோடு எடுத்துச் செல்வதும் மலைக் கிராமங்களில் வழக்கம். இவ்வழக்கில் ஒரு பெரிய அபாயம் மறைந்துள்ளது. அதனை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் நன்கறிதல் வேண்டும்.

1961-இல் நீலகிரியில் உருளைக்கிழங்கின் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. இந்தியாவில் இப்புழு முதன்முதலாகக் காணப்பட்டது அப்பொழுதுதான். இதன் பெண்புழு இறந்தபின் அதன் உடலே கடுகினும் சிறிய கெட்டியான கூடாகி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காத்து வைக்கும். உருளைக்கிழங்குப் பயிர் இல்லாத நிலத்திலும் அம்முட்டைகள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். இப்புழுவின் காரணமாகவே நீலகிரி விதைக்கிழங்கை வெளியிடங்களுக்குக் கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்டது. பெகோனியாவை இப்புழு தாக்குவதில்லை. எனினும் உருளைக்கிழங்கு விளைந்த நிலத்து மண்ணைத் தொட்டியில் இட்டிருந்தால், அம்மண்ணோடு கூடுகளும் செல்லும். கண்ணுக்கு இனிய பூச்செடி ஒன்றைப் பரிசாக அனுப்பியவர், தம்மை அறியாமலே ஒரு கிராமத்தின் உருளைக்கிழங்குச் சாகுபடிக்குக் கேட்டை அனுப்பியவராவார்.

இதனைத் தவிர்ப்பது எளிது. தொட்டிக் கலவைக்கு உருளைக்கிழங்கு நிலத்து மண்ணை எடுக்கலாகாது. கிழங்கை உறங்கும் காலத்தில் மட்டுமே, ஒரு துளி மண்ணும் இன்றித் துடைத்த பின்பே பிறருக்குக் கொடுக்க வேண்டும். அதனோடு உலர்ந்த மரத்தூளைத் தவிர வேறெதையும் அனுப்பலாகாது. பழைய தொட்டி மண்ணை உருளைக்கிழங்கு வயலிற் கொட்டலாகாது. வெளியூரிலிருந்து மண்ணோடு வந்த செடியை ஏற்றுக்கொள்ளாதிருப்பதே நன்று. கிராமத்தில் முக்கியஸ்தர்கள் இவ்வொழுங்கைத் தம் வீட்டிலேயே கைக்கொண்டால் ஏனையோரும் பின்பற்றுவர்.

பெகோனியாக் கிழங்கு உண்ணத்தக்கதன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதில் ஆக்ஸலேட் என்னும் காரப்பொருள் உண்டு. தின்றால் வாயும் தொண்டையும் எரியும். விதைக்கென வைத்த பிற கிழங்குகளோடு கலந்துவிடாதபடி தனிப் பெட்டியில், குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்தல் அவசியம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. புரட்டாசியில் உரத்தை நிறுத்துக. செடிக்குப் பெயர்த்துண்டு செருகுக. மழை படாத இடத்திற்கு மாற்றுக.

2. ஐப்பசி முழுவதும் நீரைப் படிப்படியாகக் குறைக்க. தண்டு தானே விழும்வரை தொடாதிருக்க.

3. கார்த்திகையில் கிழங்கை எடுத்து நிழலில் உலர்த்திச் சுத்தம் செய்து, காய்ந்த மணலில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குக.

4. மார்கழி, தையில் மாதம் ஒரு முறை பார்வையிடுக. எலிக்கும் அடுப்புச் சூட்டுக்கும் எட்டாமல் வைக்க.

5. மாசியில் மொட்டு கண்டபின் குழிந்த பக்கம் மேலாக நடுக. குழியில் நீர் விடாதிருக்க.

6. மண்ணோடு கூடிய கிழங்கைக் கொடுப்பதும் வேண்டா, வாங்குவதும் வேண்டா.

இவ்வேலைகளுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. ஒரு மரப்பெட்டி, சிறிது மணல், ஒரு முறம், மாதத்தில் சில நிமிஷப் பார்வை ஆகியவையே வேண்டியவை. இவற்றைத் தவறாது செய்பவரின் வீட்டில், குழந்தையின் பிறந்த ஆண்டில் வாங்கிய கிழங்கு அக்குழந்தை பள்ளிக்குச் செல்லும் காலத்திலும் உள்ளங்கை அளவுக்குப் பருத்துப் பூத்துக்கொண்டிருக்கும்.